1956இல் கட்டிய வீடும் 565 டொலர் எனர்கைட் மதிப்பீடும்

2024 செப்ரெம்பரில், கனடாவின் ரொறன்ரோவில் ஸ்காபரோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு எனர்கைட் மதிப்பீடு செய்வித்தேன். வீடு எவ்வளவு எரிசக்தி எடுக்கிறது, எந்த வழியால் வெப்பத்தை இழக்கிறது என்று ஆள் வந்து அளந்து சொல்லும் சேவை அது. வரியோடு 565 டொலர். ஒரு குளிர்காலம் முழுதும் கழிந்து, காஸ் பில் எல்லாம் கையில் வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பழைய வீடு வைத்திருக்கும் நண்பர்கள், உறவினர்கள் பலரும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸை மாற்றுவதா யன்னல் மாற்றுவதா என்று கேட்கிறார்கள். முதலில் இந்த மதிப்பீட்டைச் செய்யுங்கள், அதற்குப் பிறகு யாருக்காவது காசு கொடுங்கள் என்பதுதான் என் பதில். அந்தச் சேவையில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்களுடையது 1956இல் கட்டிய, நிலத்துக்கு மேல் ஒரே தளம் உள்ள பங்களோ. செங்கல் சுவர், மேல்தளம் 1,050 சதுர அடி. கீழே பேஸ்மென்றில் பாதியை முடித்து வாடகைக்கு விட்டிருக்கிறோம். மற்றப் பாதியில் ஃபேர்னஸும் வோஷிங் மெசினும். மேலே நாங்கள் ஐந்து பேர். வடமேற்கு மூலை அம்மாவின் அறை. தெர்மோஸ்ரற்றில் 23 வைத்தாலும் ஜனவரியில் அந்த அறை 18ஐத் தாண்டாது. அம்மா சுவெற்றருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு, கட்டிலைச் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுத்தான் படுப்பார். "சுவர் குளிருது" என்பார். இருபது வருடமாக அதைக் கேட்டிருக்கிறேன். கனடாவில் குளிரும்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த வருட வசந்தத்தில் யன்னலுக்கு விலை கேட்டோம். வந்த விற்பனையாளர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லா யன்னலும் மாற்ற 16,800 டொலர் என்றார். காஸ் பில் பாதியாகக் குறையும் என்றும் சொன்னார். பிறகு ஃபேர்னஸுக்கு வேறொருவர் வந்தார். எங்கள் ஃபேர்னஸ் 2006இல் போட்டது, 80 சதவீதத் திறன் உள்ளது. 6,200 டொலருக்குப் புதியது போடலாம், பில் மூன்றில் ஒன்று குறையும் என்றார். பாதியும் மூன்றில் ஒன்றும் போனால் மிஞ்சுவது என்ன என்று மூத்த மகள் கணக்குப் போட்டுக் கேட்டாள். இரண்டு பேரில் ஒருவரும், சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் உள்ள அற்றிக்கின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஒரு பில்லைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. ஃபேர்னஸ், வோட்டர் ஹீற்றர் போன்றவற்றை அழைக்காமல் வாசலுக்கு வந்து ஒப்பந்தம் எழுதுவது எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2018 மார்ச்சில் இருந்து தடை. நாங்களாகக் கூப்பிட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. வருகிறவர் விற்க வந்தவர். அவர் சொல்லும் சேமிப்புக் கணக்கை நாமே சரிபார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி தேடித்தான் இந்த மதிப்பீட்டுக்குப் போனேன்.

எனர்கைட் என்பது கனடா மத்திய அரசின் இயற்கை வளத் துறை வகுத்த முறை. வருகிறவர் அரசு ஆள் இல்லை. துறையின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் தங்கள் ஆலோசகரை அனுப்புகின்றன. அதனால் விலையும் கவனமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் மூன்று இடத்தில் விலை கேட்டு, நடுவில் இருந்ததை எடுத்தேன். முன்பு இதற்கு மானியத்தில் 600 டொலர் வரை திருப்பித் தந்தார்கள். அந்த மத்திய அரசு மானியம் 2024 பெப்ரவரியிலேயே புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. நான் பிந்திவிட்டேன். வட்டியில்லாக் கடன் அப்போது இருந்தது. அதற்குக் குறைந்தது 5,000 டொலருக்கு வேலை இருக்க வேண்டும், வேலை தொடங்கும் முன்பே மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் முதலில் வேலையைச் செய்துவிட்டுப் பிறகு மதிப்பீட்டுக்கு ஆள் தேடினார். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எந்தத் திட்டமாக இருந்தாலும், தொடங்கும் முன் அந்த ஒரு விதியை வாசித்துவிடுங்கள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் பத்து மணி கடந்து வந்தார். ஒரு ரெலிபோன் அழைப்பும் இல்லை. நான் வேலைக்கு அரைநாள் லீவு போட்டிருந்தேன். இது முதல் குறை. வந்தது இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெடியன், முப்பது வயது இருக்கும். பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு மூன்றரை மணித்தியாலம் இருந்து செய்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதலில் வீட்டை வெளியே சுற்றி அளந்தார். பிறகு ஒவ்வொரு யன்னலும், கதவும், பேஸ்மென்ற் சுவரின் உயரமும், ஃபேர்னஸின் மொடல் எண்ணும். அடுத்து, "அங்கிள், அற்றிக் மூடி எங்க?" என்று கேட்டார். அலுமாரிக்குள் இருந்தது. ஏணி வைத்து ஏறி ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லகாலம், வெர்மிகியூலைற் இல்லை" என்றார். வெர்மிகியூலைற் என்பது அந்தக் காலத்தில் கூரைக்குள் கொட்டிய, கூழாங்கல் போன்ற மினுங்கும் பொருள். அமெரிக்காவின் மொன்ரானாவில் லிபி என்ற இடத்துச் சுரங்கத்தில் இருந்து வந்ததில், நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. சுரங்கம் 1990இல் மூடப்பட்டது, கொட்டியது மட்டும் பல வீட்டுக் கூரைக்குள் இன்னும் கிடக்கிறது. அது இருந்தால், வீட்டுக்குள் எங்கே காற்று புகுகிறது என்று பார்க்கும் காற்றுச் சோதனையைச் செய்யமாட்டேன், முதலில் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும் என்றார். உங்கள் அற்றிக்கில் அப்படி ஏதும் கண்டால் கையால் கிளறாதீர்கள்.

எங்கள் அற்றிக்கில் மூன்று அங்குலக் கண்ணாடி நார்ப் பஞ்சு மட்டுமே, ஆர்-10 அளவில். ஆர் என்பது வெப்பம் கடந்து போவதைத் தடுக்கும் அளவு, கூடக்கூட நல்லது. இன்று ஒன்ராறியோவில் புதிய வீட்டுக்கு ஆர்-60 போடுகிறார்கள். அதிலும் அம்மாவின் அறைக்கு மேலே, கூரை தாழும் மூலையில், காற்று அடித்து அடித்துப் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிப் பலகை தெரிந்தது. அவர் படம் எடுத்துக் காட்டினார். வெறும் பலகையும் அதற்குக் கீழே சீலிங்கும்தான். அந்த இடத்துக்கு நேர் கீழே அம்மாவின் தலையணை.

காற்றுச் சோதனையை எல்லோரும் ஒருதரம் பார்க்க வேண்டும். ஃபேர்னஸையும் வோட்டர் ஹீற்றரையும் நிறுத்தினார். சோதனை நேரத்தில் அவை எரிந்தால் புகை வீட்டுக்குள் திரும்பும். முன்கதவைத் திறந்து, அந்தச் சட்டத்துக்குள் சிவப்பு நைலோன் துணியை இறுக்கமாகப் பூட்டி, நடுவில் ஒரு பெரிய மின்விசிறியை வைத்தார். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே அழுத்தம் 50 பாஸ்கல் குறையும் வரை வேகத்தைக் கூட்டினார். மணிக்கு முப்பது கிலோமீற்றர் காற்று வீட்டின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அடிப்பதற்குச் சமம் என்றார். விசிறி இரைய, வெளிக்காற்று எந்த ஓட்டை கிடைத்தாலும் அதற்குள்ளால் வரத் தொடங்கியது.

"அங்கிள், கையை இங்க வையுங்கோ" என்று வரவேற்பறையில் வெளிச்சுவரில் உள்ள பிளக்குக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். வாயால் ஊதுவதுபோல் காற்று வந்தது. குளியலறைக் கழிவுக்குழாய் சுவருக்குள் ஏறும் இடம், அற்றிக் மூடியின் நான்கு ஓரமும், பேஸ்மென்றில் கொங்கிரீற் சுவரும் மேல்தள மரமும் சந்திக்கும் விளிம்பு, எல்லா இடமும் இப்படித்தான். கையில் ஒரு சின்னப் புகைக்குழல் வைத்திருந்தார். யன்னல் ஓரங்களில் பிடித்தபோது புகை சற்று வளைந்தது. அற்றிக் மூடிக்குக் கிட்டப் பிடித்தபோது புகையைத் தரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. 16,800 டொலர் கேட்ட யன்னல்களையும், எவருமே பேசாத அந்த அலுமாரி மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன்.

பிறகு குசினி. எங்கள் பக்கக் கதவுக்கு அருகே, அரிசி வாளிக்குப் பின்னால், சுவரில் ஒன்றரை அடிச் சதுரத்தில் வர்ணம் பூசிய பலகை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பால்காரர் வெளியே இருந்து போத்தலை உள்ளே வைக்க, வீட்டார் உட்பக்கத்தால் எடுக்கும் பால்கதவு அது. பழைய ரொறன்ரோ வீடுகளில் இன்னும் காணலாம். முந்திய சொந்தக்காரர் உட்புறம் ஒரு பிளைவுட் பலகையை அடித்து மூடியிருந்தார். வாளியை நகர்த்தி, புகைக்குழலைக் கிட்டக் கொண்டுபோனபோது பலகையின் நான்கு ஓரமும் காற்று வந்து புகையைச் சிதறடித்தது. அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு துண்டுப் பஞ்சுகூட இல்லை. வெளியே ஒரு மெல்லிய மரக்கதவு, இடையில் வெறும் இடம். அம்மா வந்து குனிந்து கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, இவ்வளவு காலமும் இதுக்குள்ளாலயோ வந்தது?" என்று கேட்டார். "இதுக்குள்ளாலயும்தான் அம்மம்மா" என்றார் அவர்.

ஊரில் காற்று புகவேண்டும் என்று சுவரின் மேலே இடைவெளி விட்டு வீடு கட்டினவர்கள் நாங்கள். காற்று உள்ளே வருவதை ஒரு செலவாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றுவரை வரவில்லை.

எங்கள் வீட்டின் அளவு 9.4. அதாவது அந்த அழுத்தத்தில் ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக் காற்று முழுதும் 9.4 தடவை மாறுகிறது. ஆர்-2000 என்ற கனடாத் தரத்தில் கட்டும் வீட்டுக்கு அது 1.5க்குள் இருக்க வேண்டும். வெப்பப் படக் கருவியும் கொண்டுவந்திருந்தார். மதிப்பீட்டில் அது கட்டாயம் இல்லை, ஆனால் முன்பதிவு செய்யும்போதே இருக்கிறதா என்று கேளுங்கள். அன்று வெளியே நல்ல வெயில், அற்றிக் கொதித்துக்கொண்டிருந்தது. திரையில் அம்மாவின் அறைச் சீலிங்கின் மூலை மட்டும் செம்மஞ்சளாக, கை விரித்ததுபோல் தெரிந்தது. ஜனவரியில் இதே இடம் நீலமாகத் தெரியும் என்றார்.

எல்லாம் முடிந்து மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் நான் கட்டிவைத்திருந்த பில்களை எடுத்தேன். நிறுவனம் அவற்றைக் கேட்கவே இல்லை. இது இரண்டாவது குறை, என் எண்ணத்தில் பெரிய குறை. ஆலோசகர் தன் நேரத்தில் இருந்து அரை மணித்தியாலம் எடுத்து, அந்தப் பில்களில் இருந்து வெப்பச் செலவை எப்படிக் கணக்கிடுவது என்று காட்டித் தந்தார். கொடுத்த 565 டொலரில் பாதி அந்த அரை மணித்தியாலத்துக்கே தகும். நீங்களும் செய்யலாம் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன்.

பில்லில் டொலரைப் பார்க்க வேண்டாம், கியூபிக் மீற்றரைப் பாருங்கள். ஜூலை, ஓகஸ்ற் மாதங்களில் ஹீற் ஓடாது. அப்போது எரிவது சுடுதண்ணீருக்கும் அடுப்புக்கும் மட்டும். எங்களுக்கு மாதம் 45 கியூபிக் மீற்றர். பன்னிரண்டால் பெருக்கினால் 540. 2023 செப்ரெம்பர் தொடங்கி ஒரு வருடத்தில் நாங்கள் எரித்தது 2,860. கழித்தால் 2,320. வீட்டைச் சூடாக்கப் போனது அவ்வளவு.

ஆனால் அந்தக் குளிர்காலம் எவ்வளவு குளிர் என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அதற்குத்தான் டிகிரி நாள். ஒரு நாளின் சராசரி வெப்பநிலையை 18இல் இருந்து கழிக்க வேண்டும். சராசரி மைனஸ் 7 என்றால் அன்றைக்கு 25 டிகிரி நாள். 18க்கு மேல் போன நாளுக்குப் பூச்சியம். வருடம் முழுதும் கூட்டினால் ரொறன்ரோவுக்குச் சாதாரணமாக 3,500க்கும் 4,000க்கும் இடையில் வரும். சுற்றாடல் அமைச்சின் தளத்தில் ஒவ்வொரு நாளுக்கும் இந்த எண் இருக்கிறது. மகள் அதை எடுத்துக் கூட்டினாள். எரித்த காஸை அந்தக் கூட்டுத்தொகையால் பிரித்தோம். எங்கள் வீடு ஒரு டிகிரி நாளுக்கு 0.74 கியூபிக் மீற்றர் எரிக்கிறது. கார் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பதுபோல, இது வீட்டின் எண். குளிர் கூடினாலும் குறைந்தாலும், காஸ் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண் மாறாது. வீட்டில் ஏதாவது திருத்தினால், அல்லது நாங்கள் தெர்மோஸ்ரற்றைக் கூட்டிக் குறைத்தால்தான் மாறும்.

அடுத்து, ஒரு திருத்தத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டியே பார்க்கும் கணக்கு. பரப்பைச் சதுர அடியில் எடுத்து ஆர் மதிப்பால் பிரியுங்கள். ஆர் மதிப்பு பரனைற் கணக்கில் இருப்பதால் டிகிரி நாளை 1.8ஆல் பெருக்க வேண்டும். நாங்கள் 3,600 எடுத்து, பெருக்கி, ஏறத்தாழ 6,500 என்று வைத்துக்கொண்டோம். முதலில் பிரித்து வந்த எண்ணை இந்த 6,500ஆலும், ஒரு நாளின் 24 மணித்தியாலத்தாலும் பெருக்கினால் வருடத்துக்கு எத்தனை பி.ரி.யு. வெப்பம் அந்த வழியால் போகிறது என்று வரும். பி.ரி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு. ஒரு கியூபிக் மீற்றர் காஸில் ஏறத்தாழ 36,000 பி.ரி.யு. எங்கள் ஃபேர்னஸ் 80 சதவீதம் என்பதால் வீட்டுக்குக் கிடைப்பது 28,800. அந்த 28,800ஆல் பிரித்தால் கியூபிக் மீற்றர் வரும்.

சீலிங் 1,050 சதுர அடி, ஆர்-10. வருடத்துக்கு ஏறத்தாழ 570 கியூபிக் மீற்றர். ஆர்-60 ஆக்கினால் 95. மிச்சம் 475. யன்னல்கள் எல்லாம் சேர்த்து 130 சதுர அடிதான், இப்போது ஆர்-2. வருடத்துக்கு ஏறத்தாழ 350. நல்ல புதிய யன்னல் ஆர்-4 என்று வைத்தால் 175. மிச்சம் 175. அப்போது எங்கள் பில்லில், மாதாந்த நிலைக்கட்டணம் போக, ஒரு கியூபிக் மீற்றர் ஏறத்தாழ 45 சதம். ஆக யன்னலால் வருடத்துக்கு ஏறத்தாழ 80 டொலர். அதற்கு 16,800 டொலர். நான் கல்குலேற்றரில் இரண்டாம் தரமும் தட்டிப் பார்த்தேன்.

"யன்னல் உக்கிப்போனால், தண்ணி வந்தால் மாத்துங்கோ அங்கிள். காஸ் பில்லுக்காக மாத்தாதேங்கோ. ஓரத்துக்கு ரப்பர் போட்டாக் காணும்" என்றார் ஆலோசகர். ஃபேர்னஸ் பற்றியும் ஒன்று சொன்னார். எங்களிடம் இருப்பது மணித்தியாலத்துக்கு 100,000 பி.ரி.யு. அளவு. மைனஸ் 18, 20 என்று போகும் மிகக் குளிரான நாளிலும் எங்கள் வீட்டுக்குத் தேவை அதில் பாதிக்கும் குறைவு. பெரிய ஃபேர்னஸ் ஐந்து நிமிடம் எரிந்து நிற்கும், மூலை அறைக்குச் சூடு போய்ச் சேரும் முன் தெர்மோஸ்ரற் நிறுத்திவிடும். முதலில் ஓட்டையை அடைத்து, கூரைக்குப் பஞ்சு போட்டு, பிறகு சிறிய ஃபேர்னஸ் வாங்குங்கள் என்றார். 6,200 டொலர் விலை சொன்னவர் எழுதித் தந்ததும் அதே 100,000 தான்.

இனி அறிக்கை. ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். மூன்று வாரம் பிடித்தது, நான் இரண்டு தரம் அழைத்த பிறகு. இருபது பக்கத்துக்கு மேல், எல்லாம் கிகாஜூல் என்ற எரிசக்தி அலகில். எங்கள் வீடு வருடத்துக்கு 149 கிகாஜூல் என்று ஒரு பட்டையில் போட்டிருந்தது. டொலர் எங்கும் இல்லை. அதோடு, அந்த 149 எங்கள் குடும்பத்தின் எண் இல்லை. எல்லா வீட்டையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட வேண்டும் என்பதால், வீட்டில் இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை, பகலில் 21 பாகை, இரவில் 18 என்று மென்பொருள் தானாக வைத்துக்கொள்கிறது. நாள் முழுதும் அம்மா வீட்டில், இரவும் பகலும் 23, மூன்று நேரமும் சமையல் என்ற வீட்டை அது காணாது. வீடு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அந்த ஒப்பீடு நல்லது. பில் எவ்வளவு குறையும் என்று அறிய விரும்புகிறவர் மேலே சொன்ன கணக்கைத் தன் பில்லை வைத்துச் செய்தே ஆக வேண்டும்.

ஒரு பிழையும் இருந்தது. ஃபேர்னஸை 92 சதவீதம் என்று பதிந்திருந்தார்கள். மொடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன், இரண்டு நாளில் திருத்தித் தந்தார்கள். அறிக்கை கையில் கிடைத்ததும் ஃபேர்னஸ், பஞ்சு, பரப்பளவு மூன்றையும் ஒருதரம் சரிபாருங்கள்.

ஆனால் அறிக்கையில் வேலைகளை வரிசைப்படுத்தித் தந்தது மிகவும் உதவியது. நாங்கள் ஒக்ரோபரில் அந்த வரிசையிலேயே செய்தோம். முதலில் காற்று அடைத்தல்: அற்றிக் மூடி, குழாய் ஏறும் இடம், பிளக்குகள், பால்கதவு, 1,100 டொலர். பால்கதவுக்குள் ஃபோம் பலகை வெட்டி வைத்து ஓரமெல்லாம் நுரை அடித்தார்கள். வெளிப்பக்க மரக்கதவை அப்படியே விட்டோம், மகளுக்கு அது விருப்பம். பிறகு பேஸ்மென்றில் மரவிளிம்புக்கு நுரை, 1,450. வாடகைப் பக்கத்தில் சீலிங் மூடியிருப்பதால் பாதி வீட்டுக்குத்தான் செய்ய முடிந்தது. கடைசியாக அற்றிக்கில் ஏற்கெனவே இருந்ததற்கு மேல் செலுலோஸ் என்ற காகித நார்ப் பஞ்சை ஊதி ஆர்-60, 2,350. மொத்தம் 4,900. கடனுக்குத் தேவையான 5,000க்கு நூறு டொலர் குறைவு. கையில் இருந்த காசில் கட்டினோம். வரிசை முக்கியம்: பஞ்சைக் கொட்டிய பிறகு அதற்குக் கீழே இருக்கும் ஓட்டையை எவராலும் தேடிப் பிடிக்க முடியாது.

பஞ்சு போட்ட ஒப்பந்தக்காரர் கூரை ஓரத்துக் காற்றுத் துவாரங்களை, அதுவும் அம்மாவின் அறைப் பக்கம், செலுலோஸால் மூடிவிட்டார். டிசெம்பரில் ஒரு குளிரான காலை ஏறிப் பார்த்தபோது அந்தப் பக்கத்துக் கூரைப் பலகையில் ஆணி முனைகள் எல்லாம் வெள்ளை வெள்ளையாக உறைபனி. ஆலோசகருக்குப் படம் அனுப்பினேன். அன்று மாலையே அவர் அழைத்து, பலகை உக்கத் தொடங்கும், உடனே கூப்பிடுங்கள் என்றார். ஒப்பந்தக்காரர் வந்து ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் காற்றுப் போகத் தடுப்பு வைத்து ஓரத்தைத் திறந்தார், காசு கேட்கவில்லை. கணக்கு முடித்து மூன்று மாதம் கழித்தும் அழைப்பை எடுத்த ஆலோசகருக்கு இந்த விமர்சனத்தில் நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு போகிறது.

இப்போது பலன். 2023-24 கனடாவில் பதிவுகள் தொடங்கியதில் இருந்தே மிகச் சூடான குளிர்காலம். அடுத்து வந்த 2024-25 அப்படி இல்லை. பெப்ரவரியில் ரொறன்ரோவில் பனி அள்ளி அள்ளி முதுகு விட்டுப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். நொவெம்பர் தொடங்கி ஏப்ரல் வரை சூடாக்கப் போன காஸ் முதல் வருடம் 2,090 கியூபிக் மீற்றர், திருத்திய பிறகு 1,720. பார்த்தால் 18 சதவீதம்தான் குறைவு. மனைவி, "இவ்வளவுக்கோ 4,900?" என்று கேட்டாள். டிகிரி நாளால் பிரித்தபோது 0.74 என்பது 0.55 ஆகியிருந்தது. 26 சதவீதம். வீட்டைத் திருத்தியதும், அதனால் தெர்மோஸ்ரற்றைக் குறைக்க முடிந்ததும் சேர்ந்து அவ்வளவு மாறியிருக்கிறது, குளிர் கூடியதால் பில்லில் முழுதும் தெரியவில்லை.

டொலரில் பார்த்திருந்தால் இன்னும் குழம்பியிருப்போம். காஸ் பில்லில் மத்திய அரசின் கார்பன் கட்டணம் 2024 ஏப்ரலில் கியூபிக் மீற்றருக்கு 12.39 சதத்தில் இருந்து 15.25 ஆக ஏறியது. 2025 ஏப்ரல் முதலாம் தேதியோடு அடியோடு போய்விட்டது. ஆக வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்காதவர்களுக்கும் அந்த வசந்தத்தில் பில் குறைந்தது. எனக்கு அது சேமிப்புக் கணக்கைக் குறைத்தது: சாதாரணக் குளிர் உள்ள வருடத்தில் எங்களுக்கு ஏறத்தாழ 680 கியூபிக் மீற்றர் மிஞ்சும், 45 சதத்தில் 306 டொலர், 30 சதத்தில் 204. போட்ட காசு திரும்ப 16 வருடம் என்று நினைத்தது இப்போது 24 வருடம். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீற் பம்ப் போடுவதும் அதனால்தான் தள்ளிப்போனது. முன்பு காஸோடு ஏறத்தாழச் சரிசமமாக வந்த கணக்கு, இப்போதைய காஸ் விலைக்கு எங்கள் வீட்டில் ஓடவில்லை. மின்சார ஹீற்றரால் சூடாக்கும் வீட்டுக்கு விடை வேறாக வரும், அவர்கள் தங்கள் பில்லை வைத்துப் பார்க்கட்டும்.

24 வருடம் என்பது எனக்கு உவப்பான எண் இல்லை. ஆனாலும் செய்ததற்கு நான் வருந்தவில்லை. மார்ச்சில் இரண்டாவது மதிப்பீடு, அதற்குத் தனியாகக் காசு, 9.4 என்ற காற்று அளவு 6.7 ஆக வந்தது, 149 என்ற எண் 122. காற்று குறைந்ததால் பேஸ்மென்றிலும் மேலேயும் கார்பன் மொனொக்சைட் அலாரங்களைப் புதிதாக மாற்றினோம், குளியலறை விசிறியையும் குளித்த பிறகு அரை மணித்தியாலம் ஓட விடுகிறோம்.

சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது நிறுவனத்தின் அலுவலகத்துக்காக: நேரம், அறிக்கைத் தாமதம், பில் கேட்காதது. முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். வெப்பப் படக் கருவி வருமா? என் பன்னிரண்டு மாதப் பில்லைப் பார்த்து ஆலோசகர் என்னோடு இருந்து கதைப்பாரா? வீட்டின் வெப்ப இழப்பை, ஃபேர்னஸ் அளவுக்கு ஏற்றபடி, பி.ரி.யு.வில் எழுதித் தருவீர்களா? இல்லை என்றால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

எங்கள் ஃபேர்னஸ் இன்னும் ஓடுகிறது. அது நிற்கும் நாளில் கேட்க வேண்டிய அளவு 40,000 பி.ரி.யு. என்று ஆலோசகர் எழுதித் தந்த தாளை ஃபேர்னஸின் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறேன். தெர்மோஸ்ரற் இப்போது 21இல் நிற்கிறது. ஜனவரியில் அம்மாவின் அறையில் ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 20.5. பெப்ரவரி நடுவில் ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தபோது கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அம்மாவே பேரனைக் கூப்பிட்டுத் தள்ளுவித்திருக்கிறார்.